செவிலியர் பற்றாக்குறை: புதிய கல்லூரிகள் போதுமா, வார்டு நிர்வாகம் மாற வேண்டுமா?

புதுடெல்லி: செவிலியர் பற்றாக்குறை குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பதில் ஏறக்குறைய ஒரே வடிவில் அமைகிறது. பதிவு பெற்ற செவிலியர்கள் இத்தனை லட்சம், புதிய கல்லூரிகள் இத்தனை, அவற்றில் கூடுதல் இடங்கள் இத்தனை என்று அது நீளும். பணியில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் ஆண்டிலும் அதே மருத்துவமனையில் இருக்கிறார்கள், விலகியவர்கள் எதனால் விலகினார்கள் என்ற விவரம் அதில் பெரும்பாலும் இராது.

இந்திய நர்சிங் கவுன்சிலின் பதிவேடுகளின்படி நாட்டில் சுமார் 33.41 லட்சம் செவிலியப் பணியாளர்கள் இருப்பதாகவும், 1,000 பேருக்கு 1.96 செவிலியர் என்ற விகிதம் நிலவுவதாகவும் 2022-ல் அரசு தெரிவித்தது. 1,000 பேருக்கு 3 செவிலியர் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலாகப் பொதுவாக எடுத்துக்காட்டப்படுகிறது. அரசு சொன்ன எண்ணிக்கையில் துணைச் செவிலியர்களும் பெண் சுகாதாரப் பார்வையாளர்களும் அடக்கம். பதிவு செய்தவர்களில் ஓய்வு பெற்றவர்கள், வெளிநாடு சென்றவர்கள், திருமணத்துக்குப் பின் தொழிலை விட்டவர்கள், இறந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் முழுமையாக நீக்கப்படாததும் நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டப்படும் குறை.

அந்தக் குறையின் அளவைக் காட்டும் ஆய்வு ஒன்று 'ஹியூமன் ரிசோர்சஸ் ஃபார் ஹெல்த்' இதழில் 2021-ல் வெளியானது. பதிவேட்டுக் கணக்கில் 10,000 பேருக்கு 17.7 செவிலியர், மகப்பேறு செவிலியர்கள் இருந்தனர். 2017-18-ம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுத் தரவைக் கொண்டு உண்மையில் இப்பணியில் இருப்போரைக் கணக்கிட்டபோது அது 10.6 ஆகக் குறைந்தது. அவர்களிலும் உரிய தகுதி பெற்றவர்களை மட்டும் எண்ணியபோது 6.0 ஆனது. இரண்டும் வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்த தரவுகள் என்பதால் ஒப்பீட்டில் சற்று நெகிழ்வு தேவை. ஆனாலும், பதிவேட்டில் மூவர் இருந்தால் தகுதியுடன் பணியில் இருப்பவர் ஏறத்தாழ ஒருவர்தான் என்ற நிலையை எந்த நெகிழ்வும் மறைத்துவிட முடியாது.

இந்தப் பின்னணியில்தான் மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் 157 புதிய அரசு செவிலியர் கல்லூரிகளுக்கு ஒப்புதல் அளித்தது. 2014-க்குப் பின் தொடங்கப்பட்ட மருத்துவக் கல்லூரிகளின் வளாகங்களிலேயே இவை அமையும். செலவு 1,570 கோடி ரூபாய். ஆண்டுக்கு சுமார் 15,700 பட்டதாரிச் செவிலியர்கள் கூடுதலாகக் கிடைப்பார்கள் என்பது அரசின் கணக்கு. செவிலியர் கல்வி நிறுவனங்கள் பெருமளவில் தென் மாநிலங்களிலேயே குவிந்திருக்கும் நாட்டில், பிற பகுதிகளுக்கு இது தேவையான முதலீடு என்பதில் ஐயமில்லை. ஆனால் படித்து வருவோரில் பெரும்பகுதியினர் சில ஆண்டுகளிலேயே வார்டை விட்டு வெளியேறும் வரை, ஓட்டைப் பானையில் நீர் நிரப்பும் வேலையாகவே இது முடியும். அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை மருத்துவமனையின் பணிப் பட்டியலில் இருந்தே தேடத் தொடங்கலாம்.

12 பேர் எப்படி 2 பேர் ஆகிறார்கள்?

போதனா மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். கேட்பவருக்கு இது தாராளமாகவே தோன்றும். ஆனால் இந்த விகிதம் மூன்று ஷிப்டுகளையும் சேர்த்த மொத்த ஆள்பலத்தைக் குறிக்கிறது. அதாவது, போதனா மருத்துவமனையின் பொது வார்டில் ஒரு ஷிப்டில் 9 நோயாளிக்கு ஒருவர் என்பதே விதியின் பொருள்.

36 படுக்கை கொண்ட ஒரு வார்டை எடுத்துக்கொண்டால், விதிப்படி 12 செவிலியர்கள். ஷிப்டுக்கு 4 பேர். ஆனால் வார்டுக்கு ஆண்டில் 365 நாளும் வேலை நாள், செவிலியருக்கு அப்படியல்ல. வார விடுமுறை 52 நாள் போக, ஈட்டிய விடுப்பு, தற்செயல் விடுப்பு, அரசு விடுமுறைக்கு ஈடான நாட்கள் என மேலும் 45 நாள் கழியும் என வைத்துக்கொண்டால், ஒருவர் ஆண்டுக்கு 268 நாள் பணிக்கு வருவார். ஆகவே ஓரிடத்தை ஆண்டு முழுவதும் ஒரு ஷிப்டுக்கு நிரப்ப 1.36 பேர் தேவை. மூன்று ஷிப்டுக்கும் சேர்த்தால் நான்கு பேருக்கும் சற்று அதிகம்.

12 பேர் மட்டுமே உள்ள வார்டில், எந்த ஒரு நாளிலும் பணியில் இருப்பவர்கள் சராசரியாக 9 பேருக்கும் குறைவு. ஷிப்டுக்கு 3 பேர். ஆளுக்கு 12 நோயாளிகள். இரண்டு பணியிடங்கள் காலியாகவும் ஒருவர் மகப்பேறு விடுப்பிலும் இருந்தால் மீதமுள்ளவர்கள் 9 பேர். அவர்களில் ஒரு நாளில் பணிக்கு வருவோர் 6 அல்லது 7 பேர். ஷிப்டுக்கு இரண்டு பேர், ஆளுக்கு 18 நோயாளிகள் என்ற நிலைக்கு வார்டு வந்துவிடுகிறது. படுக்கை இல்லாமல் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நோயாளிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

விதிகளை வகுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். விடுப்பில் செல்வோருக்கு ஈடாக 30 சதவீதக் கூடுதல் பணியிடம் வேண்டும் என்று கவுன்சிலின் அளவுகோலிலேயே உள்ளது. மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு 1990-களின் தொடக்கத்தில் வகுத்த அளவுகோல், பொது வார்டில் 6 படுக்கைக்கு ஒருவர் எனக் கஞ்சத்தனமானது. ஆயினும் விடுப்பு ஈட்டுக்கு 45 சதவீதம் வேண்டும் என்பதை அது ஏற்றது. நடைமுறையில் நிதித் துறையின் கத்தரி முதலில் விழுவது இந்தக் கூடுதல் பணியிடங்களின் மீதுதான். 'வேலையே இல்லாதபோது ஆள் எதற்கு' என்பது கோப்புகளில் வரும் வழக்கமான குறிப்பு.

உலகில் செவிலியர்களில் சுமார் 85 சதவீதத்தினர் பெண்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2025-ம் ஆண்டு அறிக்கை. மத்திய அரசுப் பணியில் 180 நாள் மகப்பேறு விடுப்பும், பணிக்காலத்தில் 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் உரிமை. பெண்களே பெரும்பான்மையாக உள்ள ஒரு பணியில், ஒருவர் கருவுறுவதை எதிர்பாராத நெருக்கடியாக ஒவ்வொரு முறையும் நடத்துவது நிர்வாகத்தின் திட்டமிடல் குறையே தவிர அந்தச் செவிலியரின் குறை அன்று. விடுப்புக் கேட்டு மறுக்கப்படுவது, வார விடுமுறை நாளில் அலைபேசியில் அழைக்கப்படுவது, இரவுப் பணி முடிந்த காலையிலேயே 'இன்னும் ஒரு ஷிப்ட்' என்று நிறுத்தப்படுவது ஆகிய மூன்றுக்கும் வேர் இந்த ஈட்டுப் பணியிடங்கள் இல்லாமையே.

பல தனியார் மருத்துவமனைகள் கண்டுபிடித்த வழி இன்னும் எளிது. மூன்று ஷிப்டுகளை இரண்டாக்கி, ஆளுக்கு 12 மணி நேரம் என்று வைத்துவிட்டால் தேவையான ஆட்களின் எண்ணிக்கை காகிதத்தில் குறைந்துவிடும்.

ஒரு நோயாளி கூடினால்

பணிச்சுமை கூடுவதால் செவிலியர் களைப்படைவதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் லிண்டா ஐக்கன் தலைமையிலான குழு நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைக் கவனிக்கும் செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அந்த நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்கிறது என்பது அதன் முடிவு. அதே சமயம் செவிலியர் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதமும் பணியில் அதிருப்தி கொள்ளும் வாய்ப்பு 15 சதவீதமும் உயர்ந்தன. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்விலும் இறப்பு குறித்த அதே 7 சதவீதம் தென்பட்டது.

அந்த அமெரிக்க ஆய்வு பேசுவது நான்குக்கும் எட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை. 12, 18 என்ற எண்களுக்கு அதை அப்படியே நீட்டிக் கணக்கிட முடியாது; ஆனால் திசை தெளிவானது. ஒரு நோயாளியின் மூச்சுத் திணறலை அரை மணி நேரம் முன்னதாகக் கவனிப்பதும் கவனிக்காமல் போவதும் அவரது படுக்கைக்குச் செவிலியர் எத்தனை முறை வர முடிகிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் பற்றாக்குறை நோயாளியின் குடும்பத்துக்கும் உரிய பிரச்சினையாகிறது.

கலிஃபோர்னியா 1999-ல் சட்டம் இயற்றி 2004 முதல் குறைந்தபட்ச விகிதத்தைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-ல் அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் பகலில் ஒரு செவிலியருக்கு 4 நோயாளி, இரவில் 7 நோயாளி என்ற வரம்பை விதித்தது. 'லான்செட்' இதழில் 2021-ல் வெளியான மதிப்பீடு, அங்கு இறப்பும் மறு அனுமதியும் நோயாளிகள் தங்கும் நாட்களும் குறைந்ததாகக் கூறியது. கூடுதல் ஆட்களுக்கான செலவைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு மிச்சமானதாகவும் அந்த ஆய்வு கணக்கிட்டது. இந்தியாவில் அத்தகைய சட்டக் கட்டாயம் நாடு தழுவிய அளவில் இல்லை. கவுன்சிலின் விகிதம் பெரும்பாலும் பரிந்துரையாகவே நின்றுவிடுகிறது.

ஊசி போடும் நேரமும் கணக்கு எழுதும் நேரமும்

இருக்கும் செவிலியரின் நேரம் எதில் செலவாகிறது என்பது அடுத்த கேள்வி. மருந்துக் கிடங்குக்கு இன்டென்ட் எழுதுவது, போர்வை, தலையணை உறைகளை எண்ணிச் சலவைக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது, பழுதான கருவிக்குப் புகார் எழுதுவது, காப்பீட்டு ஆவணங்களை நிரப்புவது, டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியின் பில் முடியும் வரை கோப்பைத் தொடர்வது, கணினியில் ஒரே தகவலை இரண்டு மூன்று இடங்களில் பதிவது ஆகிய அனைத்தும் வார்டில் செவிலியரின் தலையிலேயே விழுகின்றன. அரசு மருத்துவமனைகளில் வார்டு பொறுப்புச் செவிலியர் காணாமல் போன துணிகளுக்கும் உடைந்த பொருட்களுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். ஓய்வு பெறும்போது இருப்புக் கணக்கு ஒப்படைப்பே அவருக்குப் பெரிய தலைவலி. வார்டுக்கு ஓர் எழுத்தரை நியமித்தால் செவிலியரின் கணிசமான நேரம் நோயாளியின் பக்கம் திரும்பும். ஓர் எழுத்தரின் ஊதியம் செவிலியரின் ஊதியத்தைவிடக் குறைவு என்பதையும் கணக்கில் கொண்டால், இதைச் செய்யாமல் இருப்பதற்குப் பொருளாதாரக் காரணம் கூட இல்லை.

வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பெற்ற வெற்றி மேலாண்மைப் பாடங்களில் இடம்பெற்றுவிட்டது. 1976-ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி தொடங்கிய அந்த நிறுவனம், பள்ளிப் படிப்பை முடித்த கிராமப்புறப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டு பயிற்சியளித்து, பார்வைப் பரிசோதனை முதல் அறுவை அரங்க உதவி வரை குறிப்பிட்ட பணிகளில் அமர்த்துகிறது. கண் மருத்துவமனையில் சாத்தியமானது பொது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அப்படியே பொருந்தாது. பயிற்சி குறைந்தவர்களைச் செவிலியர் இடத்தில் நிறுத்துவதற்கு இது சாக்காகிவிடும் ஆபத்தும் உண்டு. எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் சிறியது: யார் எதைச் செய்ய வேண்டும் என்பதை எழுதி வைத்து, அதன்படி ஆளெடுப்பது.

முடிவெடுக்கும் இடத்தில் செவிலியர் இல்லை

மேலே சொன்னவற்றில் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. செவிலியர் தொழில் குறித்து ஆராய 1987-ல் மத்திய அரசு ஓர் உயர்நிலைக் குழுவை அமைத்தது. அதன் பிற்காலத் தலைவராக இருந்தவர் மத்திய சமூக நல வாரியத்தின் முன்னாள் தலைவரும் தமிழகத்தைச் சேர்ந்தவருமான சரோஜினி வரதப்பன். வாரத்துக்கு 40 மணி நேரப் பணி, கூடுதல் நேரத்துக்கு ஈடு, செவிலியம் சாராத வேலைகளிலிருந்து விடுவிப்பு, பணிக்காலத்தில் குறைந்தது மூன்று பதவி உயர்வுகள் ஆகியவை அக்குழுவின் பரிந்துரைகளில் இடம்பெற்றன. ஏறத்தாழ நான்கு தசாப்தங்களுக்குப் பிறகும் செவிலியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவையே இருக்கின்றன.

பரிந்துரைகள் தேங்கியதற்குக் காரணங்கள் பல. அவற்றில் முதன்மையானது, அவற்றை நிறைவேற்றும் இடங்களில் செவிலியர் இல்லாதது. பல மாநிலங்களில் சுகாதாரத் துறையின் ஆள்பலத்தில் பெரும்பகுதி செவிலியர்கள். இயக்குநரகத்தில் அவர்களுக்கென உள்ள உயர் பதவிகளோ விரல் விட்டு எண்ணத்தக்கவை. மருத்துவமனை அளவில் செவிலியர் கண்காணிப்பாளர் இருக்கிறார். அவருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் உண்டு. ஆளெடுக்கும் அதிகாரமோ வரவு செலவுத் திட்டத்தில் குரலோ அரிது. அந்தப் பதவியை அவர் எட்டுவதும் ஓய்வுக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான். இருபது ஆண்டுக்கு மேல் ஒரே பதவியில் இருந்துவிட்டு, நிர்வாகப் பயிற்சி ஏதுமின்றி, 500 பேரை வழிநடத்தும் பொறுப்பு ஒருவருக்குத் தரப்பட்டால், அவர் தமக்குத் தெரிந்த ஒரே ஆயுதமான சுற்றறிக்கையை எடுப்பது இயல்பு.

டெல்லி ஜி.பி.பந்த் மருத்துவமனையில் 2021 ஜூனில் நடந்தது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கொரோனா இரண்டாம் அலையின் களைப்பு தீராத நாட்களில், பணி நேரத்தில் செவிலியர்கள் மலையாளத்தில் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை வெளியானது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. நோயாளிக்குப் புரியாத மொழியில் பேசுவது குறித்த புகாரைப் பேசித் தீர்த்திருக்கலாம். டெல்லி மருத்துவமனைகள் பலவும் கேரளச் செவிலியர்களை நம்பியே இயங்குகின்றன என்பது அந்தச் சுற்றறிக்கையைத் தயாரித்தவர்களுக்குத் தெரியாததல்ல.

மேல் மட்டத்திலும் இதே நிலைதான். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, மருத்துவப் பணியாளர்களின் பாதுகாப்பு குறித்துப் பரிந்துரைக்க உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 20 அன்று தேசியப் பணிக்குழுவை அமைத்தது. மூத்த மருத்துவர்களும் உயரதிகாரிகளும் நியமிக்கப்பட்ட அந்தப் பட்டியலில் ஒரு செவிலியரின் பெயர் கூட இல்லை. இரவு முழுவதும் வார்டில் இருப்பவர்கள் யார் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விடுபடல் வியப்பளிக்கும்.

ஒப்பந்தத்தின் விலை

அரசு மருத்துவமனைகளில் ஆட்களைத் தக்கவைக்க முடியாததற்கு நியமன முறையும் காரணம். எய்ம்ஸ் நிறுவனங்களில் நர்சிங் அலுவலருக்கு ஊதிய நிலை 7. அடிப்படை ஊதியமே 44,900 ரூபாய். தமிழ்நாட்டில் 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்ற ஆயிரக்கணக்கான செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியமர்த்தப்பட்டனர். இரண்டு ஆண்டுகளில் நிரந்தரமாவோம் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாததால் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டனர், உயர் நீதிமன்றம் பணிக்குத் திரும்ப உத்தரவிட்டது. தொகுப்பூதியம் பின்னர் 18,000 ரூபாய் வரை உயர்ந்தது. கொரோனா காலத்தில் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கப்பட்ட 2,300-க்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31 உடன் முடித்துவைக்கப்பட்டது. பேரிடரின் நடுவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் பழகிய கைகளை அனுப்பிவிட்டு, புதியவர்களைத் தேடும் நிலை எந்த மேலாண்மைக் கணக்கிலும் லாபமாக வராது.

இதற்கு மாறான முடிவை எடுத்த மாநிலமும் உண்டு. ஒடிசாவில் அன்றைய முதல்வர் நவீன் பட்நாயக் 2022 அக்டோபரில் அரசுப் பணிகளில் ஒப்பந்த நியமன முறையை ரத்து செய்வதாக அறிவித்து, 57,000-க்கும் மேற்பட்டோரை முறைப்படுத்தினார். செவிலியர்களுக்கு மட்டுமான முடிவன்று அது. நிதிச்சுமையைக் காட்டி மற்ற மாநிலங்கள் தள்ளிப்போடும் ஒன்றை, வளமான மாநிலங்களின் வரிசையில் இல்லாத ஒடிசா செய்தது என்பதே கவனிக்கத்தக்கது.

தனியார் துறையில் ஊதியம் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் அளித்த உத்தரவின்படி ஒரு நிபுணர் குழு அமைந்தது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் தர வேண்டும். 100 படுக்கைக்கு மேல் எனில் அதைவிட 10 சதவீதத்துக்கு மிகாமலும், 50 முதல் 100 படுக்கை எனில் 25 சதவீதத்துக்கு மிகாமலும் குறையலாம். 50-க்குக் கீழ் எனில் குறைந்தது மாதம் 20,000 ரூபாய் என்று அது பரிந்துரைத்தது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளதால் செயல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் சென்றது. கேரளம் 2018 ஏப்ரலில் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்தது. அதுவும் ஐக்கிய செவிலியர் சங்கம் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரம் வரை நடைப்பயணம் புறப்படவிருந்த நாளுக்கு முன்தினம்தான். பெரும்பாலான மாநிலங்களில் பரிந்துரை இன்னும் கடிதப் போக்குவரத்தைத் தாண்டவில்லை.

ஊதியம் உயர்ந்தும் கேரளத்திலிருந்து வெளிநாடு செல்வது நிற்கவில்லை. ஜெர்மனியுடன் 2021 டிசம்பரில் மாநில அரசின் நோர்கா அமைப்பே ஆளனுப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டது. பிரிட்டனின் பதிவேட்டில் சமீப ஆண்டுகளில் புதிதாகச் சேரும் வெளிநாட்டுச் செவிலியர்களில் இந்தியர்களே முன்னிலை வகிக்கின்றனர். உலக அளவில் 2023-ல் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ள நிலையில், வெளியிலிருந்து வரும் இழுப்பு குறையப் போவதில்லை. போகிறவரைத் தடுக்கும் நோக்கில் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைப்பதும் பாண்டு எழுதி வாங்குவதும் பல இடங்களில் கையாளப்பட்ட வழிகள். அவை ஒருவரைச் சில மாதங்கள் நிறுத்திவைக்கும். அடுத்து வர நினைப்பவரை வராமலே செய்துவிடும்.

நிர்வாகங்கள் மதிக்காதபோது என்ன நடக்கும் என்பதை 2020 மே மாதத்தில் கொல்கத்தா கண்டது. அங்குள்ள தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றிய 300-க்கும் மேற்பட்ட வெளிமாநிலச் செவிலியர்கள் சில நாட்களுக்குள் விலகி ஊர் திரும்பினர். மணிப்பூர் சென்றவர்கள் மட்டும் 185 பேர். பாதுகாப்பு உடைகள் போதாமை, ஊதியப் பிரச்சினை, குடியிருப்புப் பகுதிகளில் சந்தித்த பாகுபாடு ஆகியவை அவர்கள் சொன்ன காரணங்கள். பெருந்தொற்றின் உச்சத்தை நெருங்கும் நகரம் தன் வார்டுகளை நிரப்ப அவசரமாக விளம்பரம் செய்ய வேண்டியதாயிற்று.

தக்கவைத்தவர்கள் என்ன செய்தார்கள்?

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் கடும் பற்றாக்குறை நிலவியது. அப்போது அங்குள்ள செவிலியர் கல்விக் கழகம் 'ஏன் போகிறார்கள்' என்பதை விட்டுவிட்டு 'எங்கே தங்குகிறார்கள்' என்று கேட்டது. 163 மருத்துவமனைகளை ஆராய்ந்து, செவிலியரை ஈர்த்துத் தக்கவைத்த 41 மருத்துவமனைகளை 1983-ல் அடையாளம் காட்டியது. காந்த மருத்துவமனைகள் என்ற பெயர் அப்போது பிறந்தது. அவற்றில் செவிலியர் தலைவர் உயர் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றிருந்தார். வார்டு அளவிலான முடிவுகளை வார்டே எடுத்தது. பணி நேரத்தை அமைப்பதில் நெகிழ்வு இருந்தது. மேலதிகாரியை வார்டில் பார்க்க முடிந்தது, அவரிடம் பேசவும் முடிந்தது. இவற்றில் பெரும்பாலானவை அதிகப் பணம் கேட்காதவை.

இந்தியாவிலும் முன்னுதாரணங்கள் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1946-ல் செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அங்கு வகுப்பில் பாடம் நடத்துபவரே வார்டு நிர்வாகத்திலும் பங்கேற்கும் முறை நீண்ட காலமாக உள்ளது. பாடநூலில் ஒன்று, வார்டில் வேறொன்று என்று புதிதாக வருபவர் திகைக்கும் நிலை அதனால் குறைகிறது. பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பலர் விலகும் தொழிலில் இது சிறிய விஷயமன்று.

தெலங்கானா 2017-ல் எடுத்த முயற்சி இன்னொரு வகை. ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் அறக்கட்டளை, யுனிசெஃப் ஆகியவற்றுடன் சேர்ந்து, அரசுச் செவிலியர்களுக்கு 18 மாத மகப்பேறு செவிலியப் பயிற்சி அளித்து, சிக்கலற்ற பிரசவங்களைத் தாமே நடத்தும் பொறுப்பில் அவர்களை அமர்த்தியது. தொழில் திறனுக்கு ஏற்ற அதிகாரம் கிடைத்தவர் வார்டை விட்டு நகராமலே உயர முடிகிறது. பதவி உயர்வு என்றாலே நோயாளியை விட்டு மேசைக்குப் போவது என்ற நிலைக்கு இது மாற்று. இதே நோக்கில் நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைக்கான முதுநிலைச் செவிலியர் படிப்பை வகுத்தும், படித்து வருவோருக்கு உரிய பணியிடங்களை மாநிலங்கள் போதிய அளவில் உருவாக்காததால் அந்த வழி பாதியில் நிற்கிறது.

சிறிய மருத்துவமனைகளின் வாதத்தையும் புறக்கணிக்க முடியாது. 30 படுக்கையுடன் ஒரு மாவட்டத் தலைநகரில் இயங்கும் நர்சிங் ஹோமுக்கு, அரசுக்கு இணையான ஊதியமும் முழு விகிதமும் ஒரே நாளில் கட்டாயமானால் கதவை மூடுவதே வழி என்பது அவர்களின் அச்சம். அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் தரும் கட்டணத்தில் செவிலியப் பராமரிப்புக்கெனத் தனித் தொகை கணக்கிடப்படுவதில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த வாதத்தைப் பல நூறு படுக்கைகள் கொண்ட பெருநிறுவன மருத்துவமனைகளும் கடன் வாங்கிப் பேசுவதுதான் பொருந்தவில்லை. நிபுணர் குழு படுக்கை எண்ணிக்கைக்கேற்ப நான்கு படிகளை வகுத்தது இந்த வேறுபாட்டைக் கருதியே.

விகிதச் சட்டம் வரும் வரை காத்திராமல் ஒரு மருத்துவமனை நிர்வாகம் செய்யக்கூடியவை உள்ளன. பணிப் பட்டியலை ஒரு மாதம் முன்கூட்டியே வெளியிடலாம். 'டியூட்டி போடும்' அதிகாரம் ஒருவரின் விருப்பு வெறுப்பாகச் சுருங்கிவிடாமல், செவிலியர்கள் தமக்குள் கலந்து ஷிப்டுகளைத் தேர்ந்தெடுக்க இடம் தரலாம். எந்த வார்டுக்கும் செல்லக்கூடிய பயிற்சி பெற்ற ஒரு சிறு குழுவைத் தனிப்படியுடன் வைத்துக்கொள்ளலாம். மூத்த செவிலியர் ஒருவரின் கீழ் புதியவரை மூன்று மாதமாவது பழக்கலாம். விலகுபவரிடம் காரணத்தைக் கேட்டு எழுதி வைக்கலாம். கடைசியாகச் சொன்னதைச் செய்யும் மருத்துவமனைகளே மிகக் குறைவு.

நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றிய தேசிய செவிலியர், மகப்பேறு செவிலியர் ஆணையச் சட்டம், 1947-ம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. தேசிய ஆணையமும் மாநில ஆணையங்களும் அமைத்து, தேசிய, மாநிலப் பதிவேடுகளைப் பராமரிப்பது அதன் ஏற்பாடுகளில் அடக்கம். பதிவேடு புதுப்பிக்கப்பட்டால், பணியில் இருப்போர் எத்தனை பேர் என்பது முதன்முறையாக மாநில வாரியாகத் தெரியவரும். கல்வித் தரத்தையும் பதிவையும் கவனிக்கும் அந்தச் சட்டம் வார்டில் ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர் என்பதைக் கட்டாயமாக்கவில்லை. அது மாநில அரசுகளின் நிதித் துறைகளிடமும் மருத்துவமனை நிர்வாகக் குழுக்களிடமும் இருக்கிறது. 157 கல்லூரிகளில் 2024-ல் பி.எஸ்சி. நர்சிங் முதலாண்டில் சேர்ந்தவர்கள் பட்டம் பெற்று வெளியே வருவது 2028-ல்.